வெள்ளை ஒயின் ஜாடியில் கோளாறா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு வரும் வாட்ஸ்அப் படங்களில் பாதி ஒயின் ஜாடிகள்தாம். "மாமா, இது ஏன் கலங்கலா இருக்கு?" "அண்ணே, குமிழி நின்னுடுச்சு, இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடவா?" கேட்கும் ஆள் மாறுவார், ஜாடி மாறாது. ஐந்து லிட்டர் கண்ணாடி, டப்பாவில் வந்த ரீஸ்லிங் அல்லது சாவினியோன் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சையின் அடர்சாறு, சிங்கப்பூரின் ஈசூனிலோ பொங்கோலிலோ ஒரு வீவக (அடுக்குமாடி) சமையலறை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. இனி இதைத்தான் அனுப்பப் போகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் திராட்சை குளிர்ப் பிரதேசத்துப் பிள்ளை. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு வடக்கே ஏறக்குறைய 50 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஒரு நிலவறை ஆண்டு முழுக்க 10, 12 டிகிரியில் தானாக நிற்கும். டப்பாவோடு வரும் கையேட்டை எழுதியவர் அந்த மாதிரி ஊர்க்காரர். அவர் "அறை வெப்பத்தில் வைக்கவும்" என்றால் 20 டிகிரி என்று அர்த்தம். நம் அறை 30. கீழே வரும் பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர் இந்தப் பத்து டிகிரிதான். அதனால் பல இடங்களில் "அறிகுறி 9-க்குப் போங்கள்" என்று எழுதியிருக்கிறேன். சலித்துக்கொள்ளாமல் போங்கள்.

## எதையும் போடுவதற்கு முன்

சாற்றின் அடர்த்தியை வைத்து இன்னும் எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டர் ஒன்று, ஜாடியின் மேல் ஒட்டும் பட்டை வெப்பமானி ஒன்று, தேதி போட்டு எழுத ஒரு நோட்டு. இந்த மூன்றும் இல்லாமல் என்னை அழைக்காதீர்கள். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்குச் செய்யப்பட்டவை. 30 டிகிரிச் சாற்றில் சுமார் 0.002 குறைத்துக் காட்டும், கூட்டிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 1.085 இருந்து 0.994-இல் முடிந்தால் மதுசாரம் ஏறத்தாழ 12 விழுக்காடு. வெள்ளை ஒயினுக்கு அது போதும்.

ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும். நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. காலையில் ஈஸ்ட், மதியம் சர்க்கரை, மாலையில் சல்ஃபைட் (ஒயின் கெடாமல் காக்கும் மருந்து) என்று போட்டுவிட்டு எது வேலை செய்தது என்று கேட்டால் யாருக்குத் தெரியும்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வீட்டு உபயோகத்துக்காக ஒரு குடும்பம் மாதத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் நொதிக்க வைக்கலாம். செய்பவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். விற்கக் கூடாது. காய்ச்சி வடிக்கவே கூடாது.

## அறிகுறி 1: ஏர்லாக்கில் குமிழியே இல்லை

ஏர்லாக் என்பது ஜாடியின் வாயில் செருகும் தண்ணீர்ப் பூட்டு, வாயுவை வெளியே விடும், காற்றை உள்ளே விடாது. ஈஸ்ட் போட்டு 36 மணி நேரம் ஆகவில்லை என்றால் பொறுங்கள். ஆகிவிட்டது என்றால் முதலில் ஹைட்ரோமீட்டர். எண் இறங்கியிருந்தால் நொதித்தல் நடக்கிறது, காற்று வேறு வழியில் போகிறது. பிளாஸ்டிக் வாளி என்றால் மூடியின் விளிம்பு, ஜாடி என்றால் ரப்பர் அடைப்பு. ஈரக்கையால் அழுத்திப் பாருங்கள், ஏர்லாக் உடனே பேசும்.

எண் இறங்கவில்லையா? சாற்று டப்பாவின் முகப்புச் சீட்டைப் படியுங்கள். பொட்டாசியம் சார்பேட், அல்லது 202 என்ற எண் இருந்தால் ஈஸ்ட் பெருகாது. சாதாரணக் கடையில் குடிக்க விற்கும் சில சாறுகளில் இது உண்டு. அந்தச் சாற்றைக் குடித்துவிடுங்கள், ஒயினாக்க முயல வேண்டாம்.

சார்பேட்டும் இல்லை என்றால் ஈஸ்ட் செத்திருக்கிறது. அஞ்சல்பெட்டியில் ஒரு மதியம் கிடந்த பாக்கெட், அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்த பாக்கெட் இரண்டுமே சந்தேகத்துக்குரியவை. ஆனால் இங்கே நான் அதிகம் பார்ப்பது வேறு. ஆர்வத்தில் சாற்றை ஃபிரிட்ஜில் வைத்து 8 டிகிரிக்குக் குளிரவைப்பார்கள். ஈஸ்ட்டை 38 டிகிரி வெந்நீரில் ஊறவைத்து அப்படியே கொட்டுவார்கள். முப்பது டிகிரி வித்தியாசத்தில் அது மயங்கிவிடும். பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஊறிய ஈஸ்ட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு கரண்டி சாறு விட்டு, மெல்ல ஆறவைத்து, பிறகு ஊற்றுங்கள்.

கடைசியாக, சல்ஃபைட் தாராளமாக விழுந்திருக்கலாம். ஐந்து லிட்டருக்குக் கேம்டன் என்னும் சல்ஃபைட் மாத்திரை ஒன்று போதும். அது லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் கந்தக டையாக்சைடு தரும். மூன்று நான்கு போட்டிருந்தால் மூடியைத் தளர்த்தி, துணி கட்டி, நன்றாகக் கலக்கி, ஒரு நாள் விட்டுப் புது ஈஸ்ட் போடுங்கள்.

## அறிகுறி 2: ஆரம்பித்தது, பாதியில் நின்றுவிட்டது

1.020 பக்கத்தில் மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் "நின்றது". ஒரு நாள் நின்றால் அது மூச்சுவாங்குகிறது.

நோட்டைப் பாருங்கள். வெப்பம் 32-ஐத் தொட்ட நாள் உண்டா? அப்படியானால் சூட்டில் அடிபட்டிருக்கிறது. 10-க்குக் கீழே போயிருந்தால் தூங்குகிறது. ஜாடியை வெளியே எடுத்து 18, 20-க்குக் கொண்டுவந்து, அடிவண்டலைச் சுழற்றி எழுப்பிவிடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

அப்படியும் அசையவில்லை என்றால் புது ஈஸ்ட்டை மேலே தூவாதீர்கள். மதுசாரம் ஏறிய சாற்றில் அது விழுந்தவுடன் சாகும். இசி 1118 என்னும் ஈஸ்ட் பாக்கெட் ஒன்றை ஊறவைத்து, ஒரு கோப்பை நீர்த்த சாற்றில் நுரைக்க விடுங்கள். நுரைத்ததும் நின்றுபோன ஒயினில் ஒரு கோப்பை சேருங்கள். சில மணி நேரம் கழித்து அதுவும் நுரைத்தால் இரண்டு கோப்பை. இப்படி இரட்டித்து இரட்டித்து, ஒரு நாளில் மொத்தத்தையும் அதற்குள் கொண்டுவாருங்கள். ஒயினுக்குள் ஈஸ்ட்டை அனுப்பாமல், ஈஸ்ட்டுக்குள் ஒயினை அனுப்ப வேண்டும்.

ஈஸ்ட்டையும் பார்த்து வாங்குங்கள். டி47 நல்ல ஈஸ்ட்தான், ஆனால் 20 டிகிரிக்கு மேல் அதற்குப் பிடிக்காது. உங்களால் 24 டிகிரிதான் முடியும் என்றால் இசி 1118 அல்லது கே1 வாங்குங்கள்.

ஒரு முறை எழுப்பியும் எழவில்லை என்றால் வீட்டு மதுத் தயாரிப்புப் பொருள் விற்கும் கடைக்கு மாதிரியோடும் நோட்டோடும் போங்கள். மறுமுறை நீங்களாக முயன்றால் பெரும்பாலும் வண்டல்தான் கூடும். இல்லையேல் இனிப்பாகவே குடிக்கலாம். மோசலில் காபினெட் வகை ரீஸ்லிங்கை 8, 9 விழுக்காட்டில் இனிப்போடு நிறுத்துவது பழைய வழக்கம். ஆனால் அவர்கள் நிறுத்துகிறார்கள், உங்களுக்கு நின்றுபோயிருக்கிறது. அதனால் அதைக் கார்க் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். ஏன் என்று அறிகுறி 8-இல் சொல்கிறேன். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்தில் குடித்து முடியுங்கள்.

## அறிகுறி 3: அழுகிய முட்டை வாடை

என் அக்கா மகன் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அழைத்தான். "மாமா, முட்டை நாத்தம். வீடு முழுக்க. அம்மா கொட்டச் சொல்றாங்க." நான் போய்ப் பார்த்தேன். ஜாடி இருந்தது குளியலறைக்கு வெளியே. வாடையில் பாதி தரைச் சாக்கடைக் குழியிலிருந்து. மீதிப் பாதி உண்மையிலேயே ஜாடியிலிருந்து. அதனால் முதல் வேலை: ஒரு கிளாஸில் கொஞ்சம் எடுத்து வேறு அறைக்குக் கொண்டுபோய் முகருங்கள். ஐந்து நிமிடம் சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள். போய்விட்டால் கவலையில்லை. ஏர்லாக்கில் மட்டும் வருவதையும் விட்டுவிடலாம்.

போகவில்லையா? இப்போது கேள்வி, நொதித்தல் எந்த இடத்தில் இருக்கிறது என்பது.

### இன்னும் 1.040-க்கு மேலே இருக்கிறது

ஈஸ்ட்டுக்குப் பசி. நைட்ரஜன் போதவில்லை. அடர்சாற்றில் இது சகஜம். டிஏபி என்னும் ஈஸ்ட் உணவு லிட்டருக்கு கால் கிராம், அதாவது ஐந்து லிட்டருக்குக் கால் தேக்கரண்டி. கொஞ்சம் சாற்றில் கரைத்து ஊற்றுங்கள். உலர்தூளாகக் கொட்டினால் நுரை பொங்கிக் கூரை வரை போகும், துடைத்த அனுபவம் எனக்கு உண்டு. கூடவே வெப்பத்தைப் பாருங்கள். சூட்டில் ஈஸ்ட் வேகமாக ஓடும், உணவு சீக்கிரம் தீரும், வாடை வரும். 24-க்கு மேல் என்றால் அறிகுறி 9. பெரும்பாலும் ஒரு நாளில் வாடை குறைந்துவிடும்.

### 1.030-க்குக் கீழே வந்துவிட்டது, அல்லது முடிந்துவிட்டது

டிஏபி போடாதீர்கள். கடைசிக் கட்டத்தில் ஈஸ்ட் அதை எடுத்துக்கொள்ளாது, மிச்சம் கிடந்து வேண்டாத கிருமிகளுக்கு விருந்தாகும். அடியில் தடித்த வண்டல் கிடந்தால் குழாய் வைத்து மேலே தெளிந்ததை வேறு ஜாடிக்கு இறக்குங்கள். குழாயின் முனையை உயர்த்திப் பிடித்து, ஒயின் கொஞ்சம் தெறித்து விழும்படி, ஒரே ஒரு முறை. காற்று பட்டால் வாடை பறக்கும். ஆனால் வெள்ளை ஒயினுக்குக் காற்று மருந்தும் விஷமும். அதனால் உடனே ஒரு கேம்டன் மாத்திரையைப் பொடித்துப் போட்டு, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள்.

### அதற்கும் போகவில்லை

இப்போது செம்புச் சோதனை. ஒரு கிளாஸ் ஒயினில், எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுப் பளபளவென்று தேய்த்த செம்புத் துண்டு ஒன்றை விட்டு ஐந்து நிமிடம் கலக்குங்கள். ஏர்கான் பொருத்துபவர்கள் வெட்டிப்போட்ட குழாய்த் துண்டு போதும். பூஜை அறையிலிருந்து பஞ்சபாத்திரத்தை எடுக்காதீர்கள், நான் எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் செம்பு படாத கிளாஸ் ஒன்றையும் வைத்து ஒப்பிட்டு முகருங்கள்.

செம்பு பட்டதில் வாடை போனால் அது சாதாரண ஹைட்ரஜன் சல்ஃபைட். இன்னொரு முறை இறக்கிவைத்து மூன்று வாரம் குளிரில் விட்டால் பெரும்பாலும் தணியும். செம்பு பட்டும் வெங்காயம், ரப்பர், வெந்த முட்டைகோஸ் போல வாடை நின்றால் அது வேறு சேர்மமாக மாறிவிட்டது. இங்கேதான் வெளி ஆள் தேவை. ஒயின் ஆலைகளில் செப்புச் சல்ஃபேட்டை மில்லிகிராம் கணக்கில் அளந்து விடுவார்கள். ஐரோப்பாவில் ஒயினில் மிஞ்சக்கூடிய செம்பின் வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம். சமையலறைத் தராசில் அதை அளக்க முடியாது, அளக்க முயலவும் வேண்டாம். ஐந்து லிட்டருக்காக ஆய்வகச் செலவு செய்வதைவிடக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது மலிவு.

சோதித்த கிளாஸைக் குடிக்காதீர்கள்.

## அறிகுறி 4: நெடி மூக்கில் ஏறுகிறது

எந்த நெடி என்பதில்தான் எல்லாம்.

நகப்பூச்சு நீக்கி போல, பசை போல இருந்தால், அல்லது நேரடியாக வினிகர் என்றால், காற்றும் அசிட்டிக் கிருமியும் உள்ளே போயிருக்கின்றன. ஏர்லாக்கைப் பாருங்கள். மின்விசிறிக்கு நேரே வைத்திருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும். பழ ஈ ஒன்று செத்து மிதந்தால் விடை கிடைத்துவிட்டது. இன்னொன்று யாரும் யோசிக்காதது: சூடாக இருக்கும் ஜாடியைத் திடீரென்று ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே காற்று சுருங்கி ஏர்லாக் தண்ணீரை ஈயோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஏர்லாக்கில் வெறும் தண்ணீர் வேண்டாம், சல்ஃபைட் கரைசலோ வோட்காவோ ஊற்றுங்கள்.

நெடி லேசாக இருக்கும்போதே பிடித்தால் சல்ஃபைட் போட்டு, நிரப்பி மூடி, குளிரில் வைத்து, சீக்கிரம் குடித்துவிடலாம். வினிகராகவே ஆகிவிட்டால் திரும்பும் வழி இல்லை. எந்தத் தூளும் அதை மாற்றாது. மற்ற ஜாடிகளிலிருந்து தூரமாக வைத்து, குழாய், புனல் எல்லாவற்றையும் கழுவுங்கள்.

வினிகர் இல்லை, ஆனால் தொண்டை எரிகிறது, மதுசாரம் தனியாக முகத்தில் அடிக்கிறது, பழவாசனையே இல்லை என்றால் அது சூட்டில் நொதித்த ஒயின். இதற்கு ஜாடியில் செய்ய ஒன்றும் இல்லை. ஆறு மாதம் வைத்தால் கொஞ்சம் மழுங்கும். அடுத்த ஜாடிக்கு அறிகுறி 9.

## அறிகுறி 5: நிறம் பழுப்பாகிறது

நொதிக்கும் முன் சாறு பழுப்பானால் பயப்பட வேண்டாம். அந்தப் பழுப்பு பெரும்பகுதி வண்டலோடு கீழே போய்விடும். நொதித்த பிறகு, வெளிறிய வைக்கோல் நிறம் தேநீர் நிறத்துக்குப் போனால், கூடவே வெட்டிவைத்த ஆப்பிள் வாடை வந்தால், அது காற்று.

முதல் காரணம் ஜாடியில் காலியிடம். ஐந்து லிட்டர் ஜாடியில் நான்கு லிட்டர் ஒயினை வைத்துவிட்டு "மூடித்தானே வைத்தேன்" என்பார்கள். மேலே இருக்கும் ஒரு லிட்டர் காற்று போதும் கெடுக்க. சிறிய பாட்டில்களுக்கு மாற்றுங்கள், அல்லது கழுவிச் சல்ஃபைட்டில் நனைத்த கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை உயர்த்துங்கள். கடையில் வாங்கிய மலிவான வெள்ளை ஒயின் அரைப் பாட்டிலை ஊற்றி நிரப்புவதும் நல்ல வழிதான். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆலைகளிலும் ஒயினை ஒயினால்தான் நிரப்புகிறார்கள்.

இரண்டாவது, சல்ஃபைட் போதாமை. இதில் பிஎச் எண்ணைப் (புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) பார்க்காமல் பேச முடியாது. 3.2 பிஎச் ஒயினைக் காக்க லிட்டருக்கு 21 மில்லிகிராம் தனி நிலை (எதோடும் சேராமல் நிற்கும்) கந்தக டையாக்சைடு போதும். 3.4-க்கு 32. 3.6-க்கு 50. உண்ணும் திராட்சையில் செய்த ஒயின் 3.7-க்கு மேலும் போகும். அதனால்தான் ஒரே அளவு மாத்திரை ஒருவர் ஜாடியைக் காப்பாற்றும், அடுத்தவர் ஜாடியைக் கைவிடும். ஒரு கிளாஸ் ஊற்றி மேசைமேல் ஒரு நாள் திறந்து வையுங்கள். மறுநாள் பழுப்பாகிவிட்டால் ஜாடிக்கும் பாதுகாப்பு போதவில்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் சல்ஃபைட் போட்டதைச் சொல்லிவிட்டுப் பரிமாறுங்கள்.

## அறிகுறி 6: தெளியவே இல்லை

மூன்று வாரத்துக்குள் கேட்டால் என் பதில் "பொறு". அதற்குப் பிறகு ஃபிரிட்ஜில் ஒரு வாரம். ஈஸ்ட் கலங்கல் என்றால் குளிரில் தானாக அடியில் படியும்.

படியவில்லை என்றால் பழத்தைக் கொதிக்கவைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். நம் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குத் திராட்சையைச் சர்க்கரை, கிராம்பு, ஒரு பிடி கோதுமையோடு போட்டுச் செய்வது உண்டு. சில பாட்டிகள் பழத்தைக் கொதிக்கவும் வைப்பார்கள். கறுப்பு ஒயினில் அந்தக் கலங்கல் தெரியாது, வெள்ளையில் காட்டிக்கொடுத்துவிடும். கொதித்த பழத்திலிருந்து பெக்டின் (ஜாமைக் கெட்டியாக்கும் பொருள்) இறங்கியிருக்கும். ஒரு பங்கு ஒயினில் நான்கு பங்கு மெதிலேட்டட் ஸ்பிரிட் விட்டுப் பாருங்கள், ஜெல்லி போலத் திரிதிரியாக வந்தால் பெக்டின்தான். பெக்டினேஸ் நொதியை இரட்டை அளவில் போட்டு, குளிரிலிருந்து எடுத்து வெளியே ஒரு வாரம் வையுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் நம் ஊர்ச் சூடு நமக்கு உதவும். சோதித்த திரவம் விஷம், அதைச் சிங்க்கில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள்.

தெளிந்து பாட்டிலில் அடைத்த பிறகு, அலமாரியில் ஒரு மாதத்தில் மங்கலானால் அது புரதம். குளிர்ந்த நிலவறையில் பல மாதம் கண்ணுக்குப் படாமல் இருக்கக்கூடியது, 31 டிகிரி அலமாரியில் சில வாரங்களில் வெளியே வந்துவிடும். அடைக்கும் முன்பே சோதிக்கலாம்: தெளிந்த ஒயின் ஒரு சிறு பாட்டில், 80 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம், பிறகு ஃபிரிட்ஜில் ஒரு இரவு. காலையில் மங்கினால் பென்டோனைட் களிமண் தேவை. ஐந்து லிட்டருக்கு ஐந்து கிராம். நூறு மில்லி வெந்நீரில் ஒரு நாள் ஊறவைத்து, கட்டியில்லாமல் கூழாக்கி, கலக்கி ஊற்றி, ஒரு வாரம் படியவிட்டு இறக்குங்கள். மங்கிய ஒயினைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. விருந்தாளி முன் வைக்க மனம் வராது, அவ்வளவுதான்.

### பாட்டிலில் கண்ணாடித் தூள் போலத் தெரிகிறது

கண்ணாடி இல்லை, டார்டரேட் படிகம், ஒயினின் சொந்த அமிலத்திலிருந்து வரும் உப்பு. ஃபிரிட்ஜில் வைத்ததால் வந்தது. மெல்ல ஊற்றினால் அடியிலேயே நிற்கும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை அடைக்கும் முன் ஜாடியை உறைநிலைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்து இறக்குங்கள்.

## அறிகுறி 7: ஒன்று புளிக்கிறது, அல்லது சப்பென்று இருக்கிறது

குளிர்ப் பிரதேசச் சாறு புளிக்கத்தான் செய்யும். இரவுக் குளிரில் பழத்தின் மாலிக் அமிலம் எரியாமல் மிஞ்சுவதால்தான் அந்தத் துள்ளல். முதலில் ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, சாப்பாட்டோடு குடித்துப் பாருங்கள். வெறும் வாயில் கூசியது மீன் குழம்போடு பொருந்திவிடலாம். அப்படியும் அதிகம் என்றால் கால்சியம் கார்பனேட் லிட்டருக்கு 0.67 கிராம் போட்டால் அமிலம் லிட்டருக்கு ஒரு கிராம் குறையும். ஒரு கிராமுக்கு மேல் குறைக்காதீர்கள், சுண்ணாம்புச் சுவை வரும். அடுத்த முறை 71பி ஈஸ்ட் வாங்குங்கள், அது மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியைத் தானே தின்றுவிடும்.

சப்பென்று இருப்பது தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய உண்ணும் திராட்சையில் செய்பவர்களின் புகார். அந்தப் பழம் தின்பதற்கு வளர்த்தது. அமிலமும் குறைவு, சர்க்கரையும் குறைவு. டார்டாரிக் அமிலம் லிட்டருக்கு ஒரு கிராம் போட்டு, கலக்கி, மறுநாள் சுவையுங்கள். பிஎச் சுமார் 0.1 இறங்கும், சல்ஃபைட்டும் நன்றாக வேலை செய்யும். நொதிக்கும் முன்பே போடுவது இன்னும் நல்லது.

ஒருவர் கேட்டார், புளியில் இருப்பதும் டார்டாரிக் அமிலம்தானே, கொஞ்சம் கரைத்து ஊற்றலாமா என்று. அமிலம் அதுதான், உண்மை. ஆனால் கூடவே நிறமும் பெக்டினும் ரசத்தின் வாசனையும் வரும்.

## அறிகுறி 8: அடைத்த பாட்டில் பொங்குகிறது

இதைப் படிக்கும்போது கார்க் வெளியே துருத்திக்கொண்டிருந்தால், முதலில் பாட்டிலை அசைக்காமல் தடித்த துண்டால் சுற்றுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். அப்படியே ஃபிரிட்ஜில் நிற்கவைத்து ஒரு இரவு விடுங்கள். குளிரில் அழுத்தம் இறங்கும். மறுநாள் சிங்க்கில், துண்டோடு, மெல்லத் திறவுங்கள். வெடித்தால் கண்ணாடி கத்திதான்.

திறந்த பிறகு ஹைட்ரோமீட்டர். 0.996-க்கு மேல் என்றால் சர்க்கரை மிச்சமிருந்து மறுபடி நொதித்திருக்கிறது. எல்லாப் பாட்டிலையும் ஜாடிக்குத் திருப்பி ஊற்றி முடிய விடுங்கள். சார்பேட் போட்டால் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். அது ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். தெளியாத ஒயினில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கும் ஈஸ்ட் தன் வேலையைப் பார்க்கும்.

0.994-இல் நிற்கிறது, வாசனை நன்றாக இருக்கிறது, நாக்கில் மட்டும் சுருக்கென்று குத்துகிறது என்றால் அது குளிரில் கரைந்து தங்கிய கரியமிலவாயு. கலக்கி விரட்டினால் போய்விடும். நான் விரட்டுவதில்லை, நம் வெயிலுக்கு அது சுகமாகவே இருக்கிறது. வெண்ணெய் அல்லது புளித்த முட்டைகோஸ் வாடையோடு பொங்கினால் பாட்டிலுக்குள் பாக்டீரியா மாலிக் அமிலத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. சல்ஃபைட் போட்டுக் குளிரில் வைத்துச் சீக்கிரம் குடியுங்கள்.

## இடையில் ஒரு கேள்வி: தாழ்வாரத் தொட்டியில் கொடி வைத்தேன், காய்க்கவில்லை

காய்க்காததற்கு முதல் காரணம் வெயில். ஆறு மணி நேரம் நேரடி வெயில் இல்லாத தாழ்வாரத்தில் இலை மட்டும்தான் வரும். இரண்டாவது, இங்கே குளிர்காலம் இல்லாததால் கொடி உறங்குவதே இல்லை, நீங்கள்தான் வெட்டி எழுப்ப வேண்டும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இப்படிக் கவாத்து செய்துதான் ஆண்டு முழுக்கப் பன்னீர் திராட்சை எடுக்கிறார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முதிர்ந்த பழுப்புத் தண்டில் சில கணுக்கள் விட்டு வெட்டி, வரும் துளிரில் பூங்கொத்து இருக்கிறதா என்று பாருங்கள். இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு படர்ந்தால் அடிச்சாம்பல் நோய், அந்த இலைகளைக் கிள்ளி எறியுங்கள். ரீஸ்லிங் கன்று தேடி அலைய வேண்டாம். அது குளிருக்கே பிறந்தது.

## அறிகுறி 9: ஜாடி குளிர மறுக்கிறது

மற்றப் பகுதிகள் எல்லாம் உங்களை அனுப்பியது இங்கேதான். குறி 14 முதல் 18 டிகிரி. எட்ட முடியாவிட்டால் 22. நொதிக்கும் ஜாடி தானே சூட்டை உண்டாக்கும், அறையைவிடச் சில டிகிரி கூடவே காட்டும். அதனால் பட்டை வெப்பமானியை நம்புங்கள், ஏர்கான் ரிமோட்டை நம்பாதீர்கள்.

முதலில் இடம். வீட்டுப் புகலிடம் (வீட்டுக்குள்ளேயே கட்டப்பட்ட பாதுகாப்பு அறை) இருட்டாக இருப்பதால் பலர் அங்கே வைக்கிறார்கள். இருட்டு நல்லது, ஆனால் காற்றோட்டம் இல்லாத கான்கிரீட் அறை வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதோடு ஐந்து லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் ஏறக்குறைய 250 லிட்டர் கரியமிலவாயு விடும். அந்தச் சிறிய அறையின் கதவைச் சாத்திவைக்காதீர்கள்.

ஈரத் துணி சுற்றி மின்விசிறி வைக்கும் வித்தை ஆஸ்திரேலியக் கையேடுகளில் உண்டு. நம் ஈரப்பதத்தில் அது மூன்று டிகிரி இறக்கினால் அதிகம். அதைவிட மீன்கடை வெள்ளை நுரைப்பெட்டி மேல். கேட்டால் பல கடைகளில் சும்மாவே தருவார்கள். நன்றாகக் கழுவி, ஜாடியை உள்ளே வைத்து, உறையவைத்த ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் இரண்டைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். பத்து நாள் உழைப்பு, காசு செலவில்லை. என் முதல் நல்ல ரீஸ்லிங் இப்படி வந்ததுதான்.

அதற்கு அடுத்தது பழைய ஃபிரிட்ஜும் வெளியே செருகும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும். நான் 120 வெள்ளிக்குப் பழையது வாங்கினேன். கருவியின் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல் ஜாடியின் உடம்பில் ஒட்டி, மேலே ஒரு பஞ்சுத் துண்டு வையுங்கள். சிறிய ஒயின் ஃபிரிட்ஜ் வாங்க நினைத்தால் கம்ப்ரஸர் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். கம்ப்ரஸர் இல்லாத வகை அறையைவிடக் குறிப்பிட்ட டிகிரிதான் இறக்கும். 31 டிகிரிச் சமையலறையில் அது திணறும்.

ஃபிரிட்ஜே குளிராவிட்டால்: பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறதா? சுருளில் தூசி அப்பியிருக்கிறதா? கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள், லேசாக வந்தால் ரப்பர் போய்விட்டது. இந்த மூன்றும் சரி, ஆனால் கம்ப்ரஸர் "டக்... டக்" என்று தட்டி நிற்கிறது என்றால் ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். வாயு நிரப்பும் வேலையை நீங்களாகத் தொடாதீர்கள். பிளக் சுட்டாலோ, செருகியதும் வீட்டு மின்சாரம் விழுந்தாலோ முதலில் பிடுங்குங்கள், பிறகு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். அவர் வரும்வரை ஜாடி நுரைப்பெட்டிக்குத் திரும்பட்டும். இதற்காகத்தான் நான் இரண்டு பாட்டில் ஐஸ் எப்போதும் உறைபெட்டியில் வைத்திருக்கிறேன்.